வெள்ளிக்குப் போகும் கலத்தில் ஒரு சின்ன காமா டிடெக்டர்: இஸ்ரோவுக்கு ஒரு திறந்த மடல்

இஸ்ரோ தலைவருக்கும், விண்வெளி அறிவியல் திட்டங்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பூமியை விட்டு வெளியே போகும் உங்கள் கலங்கள் ஒவ்வொன்றிலும், வெள்ளிக்குப் போகவிருக்கும் சுற்றுகலத்தில் தொடங்கி, ஒரு சிறிய காமா கதிர் டிடெக்டரையும் நேரத்தை மில்லிநொடிக்குள் சரியாகக் குறிக்கும் ஏற்பாட்டையும் வையுங்கள். அது பதிவு செய்வதைத் தாமதமில்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். இதை ஒரு முறை செய்யும் சோதனையாக இல்லாமல் வழக்கமாகவே ஆக்கிவிடுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீளமான மடல்.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். விண்வெளி நிறுவனம் எதிலும் வேலை பார்ப்பவன் இல்லை. ஆனால் உங்கள் அஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை இறக்கி மாணவர்களோடு உட்கார்ந்து பார்ப்பவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1979 மார்ச் 5. சோவியத் யூனியனின் வெனீரா 11, வெனீரா 12 என்ற இரண்டு கலங்கள் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் வெள்ளியில் தரையிறங்கு கலங்களை இறக்கிவிட்டு, சூரியனைச் சுற்றிச் சும்மா போய்க்கொண்டிருந்தன. முக்கிய வேலை முடிந்துவிட்டது. ஆனால் லெனின்கிராடின் ஐயோஃபே நிறுவனத்தைச் சேர்ந்த மாசெட்ஸ் குழு செய்த கோனஸ் என்ற காமா டிடெக்டர்கள் அவற்றில் ஓடிக்கொண்டே இருந்தன. அன்று நொடிக்கு நூறு எண்ணிக்கை காட்டிக்கொண்டிருந்த கருவி, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் நொடிக்கு இரண்டு லட்சத்துக்கு எகிறியது. பதினொரு நொடி கழித்து அதே அலை சூரியனுக்கு அருகே இருந்த ஹீலியோஸ் 2 கலத்தைத் தொட்டது, பிறகு வெள்ளியைச் சுற்றிக்கொண்டிருந்த பயனியர் வீனஸ் கலத்தை, அப்புறம் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களை. உச்சம் இருந்தது ஐந்தில் ஒரு பங்கு நொடி. அதன்பின் ஏறக்குறைய மூன்று நிமிடம், எட்டு நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் ஒரு வால்.

அந்தக் கலங்களில் எதுவும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அப்படியிருந்தும் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். திருவிழாவில் அதிர்வேட்டு போட்டால் ஊரின் நான்கு தெருவிலும் சத்தம் ஒரே நேரத்தில் கேட்காது, யாருக்கு முதலில் கேட்டது, யாருக்கு எவ்வளவு பிந்திக் கேட்டது என்று தெரிந்தால் வேட்டு போட்ட இடத்தைச் சொல்லிவிடலாம் இல்லையா, அந்தக் கணக்குதான். இரண்டு கலங்களுக்கு அலை வந்து சேர்ந்த நேர வித்தியாசம் வானத்தில் ஒரு வளையத்தைத் தரும். மூன்றாவது கலம் இருந்தால் இன்னொரு வளையம். இரண்டும் வெட்டும் இடத்தில்தான் ஆள் இருக்கிறான். கலங்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு வளையம் மெலிசாகும். அன்று கலங்கள் கோள்களுக்கு இடையே பரவிக் கிடந்ததால் வந்த விடை மிகக் கூர்மையாக இருந்தது: நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மெகல்லன் மேகம், அதற்குள் என்49 என்ற வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம். நம் வீட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஒளியாண்டு தள்ளி.

அவ்வளவு தொலைவிலிருந்து அவ்வளவு வெளிச்சமா என்ற கேள்விதான் மேக்னட்டார் என்ற கருத்துக்குக் கொண்டுபோனது. 1992ல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோஃபர் தாம்ப்சனும் சொன்னார்கள்: இவை நியூட்ரான் விண்மீன்கள், இருபது கிலோமீட்டர் அகலத்துக்குள் சூரியனைவிட அதிக நிறை, ஆனால் காந்தப் புலம் பத்தின் பதினான்காம் அல்லது பதினைந்தாம் அடுக்கு காஸ் (காஸ் என்பது காந்தப் புலத்தை அளக்கும் அலகு). நம் பூமியின் புலம் அரை காஸ் பக்கம்தான். இந்தப் புலம் மெல்லச் சிதையும்போது விண்மீனின் மேலோட்டை முறுக்குகிறது, தாங்காமல் மேலோடு விரிசல் விடுகிறது, புலம் புதிதாக அமைகிறது, அப்போது வெளிப்படுவதுதான் இந்தக் காமா வெடிப்பு. 1998ல் கிரிசா கூவெலியோட்டு குழுவினர் எஸ்ஜிஆர் 1806-20 என்ற, இதேபோலக் காமா கதிர் கக்கும் விண்மீனின் சுழற்சி எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அளந்து காட்டியபோது டங்கனும் தாம்ப்சனும் சொன்னது வலுவாக நிலைத்தது.

இதில் நான் உங்கள் கவனத்தில் வைக்க விரும்புவது இதுதான். மேக்னட்டார் இயலின் முதல் அடி, வெள்ளிக்குப் போன கலங்களில் ஓரமாக ஒட்டிக்கொண்டு போன சின்னக் கருவிகளால் எடுத்து வைக்கப்பட்டது. இப்போது நாம் வெள்ளிக்குப் போகிறோம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1236 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த திட்டம், 2028 மார்ச்சில் ஏவுவது இலக்கு. அந்தக் கலம் பூமியிலிருந்து சில சமயம் இரண்டு ஒளிநிமிடம், சில சமயம் பதினான்கு ஒளிநிமிடம் தள்ளி இருக்கும். காமா வெடிப்பின் இடத்தைக் கணக்கிட அதைவிட நல்ல தெருமுனை வேண்டுமா?

மேக்னட்டாரின் பெருவெடிப்பு என்று சொல்லத்தக்கது நம் பக்கத்தில் இதுவரை மூன்றுதான் பதிவாகியிருக்கிறது. 1979, 1998 ஆகஸ்ட் 27, 2004 டிசம்பர் 27. 1998ல் வந்தது பசிபிக் கடலின் இரவுப் பக்கத்தில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தைக் கொஞ்ச நேரம் பகல்போல ஆக்கிவிட்டது, ரேடியோ அலைகளில் அது அப்படியே தெரிந்தது. 2004ல் வந்தது அதைவிட மிகப் பெரியது. அந்தத் தேதி தமிழ் படிக்கிறவர்களுக்கு மறக்காது, சுனாமி அடித்த மறுநாள். நம் நேரப்படி 28ஆம் தேதி அதிகாலை மூன்று மணி, நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் ஆட்கள் இன்னும் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த நேரம். இரண்டையும் முடிச்சுப் போட்டு அவ்வப்போது வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நிலநடுக்கம் வந்தது 44 மணி நேரம் முன்னால். சம்பந்தம் எதுவும் கிடையாது.

2004 வெடிப்பைப் பற்றி நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கே புல்லரிக்கும். சுமார் முப்பதாயிரம் ஒளியாண்டு தள்ளி, தனுசு ராசிப் பக்கம் இருக்கும் எஸ்ஜிஆர் 1806-20, ஐந்தில் ஒரு பங்கு நொடியில், சூரியன் பல பத்தாயிரம் ஆண்டுகளில் வெளியிடும் ஆற்றலைக் கொட்டியது. மார்கழியில் சூரியன் தனுசில் இருப்பது நமக்குத் தெரிந்ததுதான். அதனால் அன்று அந்த மேக்னட்டார் வானில் சூரியனுக்கு ஐந்து டிகிரி பக்கத்தில் இருந்தது. எந்த தொலைநோக்கியும் வேண்டுமென்றே அங்கே பார்க்காது. ஆனால் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்த ரெஸ்ஸி என்ற செயற்கைக்கோள் இருந்தது, அதன் பார்வைக்குள் இது வந்து விழுந்தது. காமா வெடிப்புகளைத் தேட ஏவி ஒரு மாதம்தான் ஆகியிருந்த ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது, கதிர்கள் அதன் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தன.

அப்புறம் நடந்ததுதான் நான் கேட்பதற்கு நேரான ஆதாரம். பெரிய, நுட்பமான காமா கருவிகள் எல்லாம் உச்ச நேரத்தில் திணறி நிரம்பிவிட்டன. எவ்வளவு பிரகாசம் என்று அவற்றால் சொல்ல முடியவில்லை. அளவைக் காப்பாற்றிக் கொடுத்தவை சின்னக் கருவிகள். ஜப்பானின் ஜியோடெயில் கலத்தில் பிளாஸ்மா துகள்களை எண்ண வைத்திருந்த டிடெக்டர், இன்னும் சில கலங்களில் இருந்த சிறு துகள் டிடெக்டர்கள். ரஷ்யாவின் கோரோனாஸ்-எஃப் கலத்துக்கு அந்த நேரம் பூமி மறைத்துக்கொண்டிருந்தது, ஆனால் நிலாவில் பட்டுத் திரும்பிய காமா கதிர்களை அது பிடித்தது. நிலவில் எதிரொளித்ததை வைத்து, முப்பதாயிரம் ஒளியாண்டு தள்ளி நடந்த ஒன்றின் உச்சத்தைக் கணக்கிட்டார்கள்!

அந்த ஒரு வெடிப்பிலிருந்து இன்னும் விஷயம் வந்துகொண்டே இருக்கிறது. வெடித்துப் பல நிமிடங்கள் கழித்து ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோள் ஒரு மங்கலான இரண்டாவது காமா ஒளிர்வைப் பதிவு செய்திருந்தது. அது என்னவென்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 2025ல் அனிருத் பட்டேல், பிரையன் மெட்ஸ்கர் முதலானோர், வெடிப்பில் விண்மீனின் மேலோட்டிலிருந்து பிய்த்தெறியப்பட்ட பொருளில் தங்கம், பிளாட்டினம் போன்ற கன தனிமங்கள் உருவாகி, அவற்றின் கதிரியக்கச் சிதைவு ஒளிர்ந்ததுதான் அது என்று காட்டினார்கள். ரெஸ்ஸி, விண்ட் கலங்களின் பழைய தரவிலும் அதே தடயம் இருந்தது. அவர்கள் கணக்குப்படி அந்த ஒரு வெடிப்பில் உருவான கன தனிமங்களின் நிறை பூமியின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு பக்கம் வரும். நம் பால்வீதியில் இருக்கும் இந்தவகைத் தனிமங்களில் பத்து சதவீதம் வரை மேக்னட்டார்களிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். நம் வீட்டுத் தாலிச் சரட்டில் இருக்கும் தங்கத்தில் ஒரு பங்கு இப்படி வந்ததாக இருக்கலாம் என்றால், அடுத்த வெடிப்பை நாம் எவ்வளவு கவனமாக அளக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு பத்தாண்டுகள் கழித்தும் ஒரே ஒரு நிகழ்வின் தரவைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு நம் பால்வீதியில் இன்னொன்று வரவில்லை.

அடுத்தது நாளைக்கே வரலாம். முன்னறிவிப்பு எதுவும் வராது. வந்தால் கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நொடியில் எத்தனை கருவி எத்தனை இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

பக்கத்து அண்டங்களில், அதாவது நம் பால்வீதி போன்ற மற்ற விண்மீன் கூட்டங்களில், நடப்பதும் இப்போது பிடிபட ஆரம்பித்துவிட்டது. 2020 ஏப்ரல் 15, ஜிஆர்பி 200415ஏ என்று பெயரிட்ட காமா வெடிப்பு. செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ஒடிசி கலத்தில் ரஷ்யர்கள் வைத்த ஹெண்ட் என்ற நியூட்ரான் டிடெக்டர்தான் முதலில் அதைப் பார்த்தது. செவ்வாய் மண்ணில் தண்ணீர் இருக்கிறதா என்று தேடப் போன கருவி அது. ஆறரை நிமிடம் கழித்து விண்ட் கலம், அதற்கு நாலரை நொடி கழித்துப் பூமிப் பக்கம் இருந்த ஃபெர்மி முதலிய செயற்கைக்கோள்கள். மொத்த வெடிப்பே ஏழில் ஒரு பங்கு நொடி. செவ்வாயில் ஒரு ஆள் இருந்ததால்தான் வானத்தில் முழு நிலவின் தட்டில் ஒரு சிறு துண்டு அளவுக்கு இடத்தைச் சுருக்க முடிந்தது, அந்தத் துண்டுக்குள் ஒரு கோடி ஒளியாண்டுக்குச் சற்று அதிகத் தொலைவில் இருக்கும் என்ஜிசி 253 அண்டம் உட்கார்ந்திருந்தது. செவ்வாயில் அந்த டிடெக்டர் இல்லாமல் போயிருந்தால் இது இன்னொரு சாதாரணக் குறும் காமா வெடிப்பு என்று பட்டியலில் போயிருக்கும்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 28. நம் பால்வீதியிலேயே எஸ்ஜிஆர் 1935+2154 என்ற மேக்னட்டார் ஒரு எக்ஸ்-கதிர் வெடிப்போடு சேர்த்து ஒரு அதிவேக ரேடியோ துடிப்பையும் அனுப்பியது. அந்த ரேடியோ துடிப்புகள் எதிலிருந்து வருகின்றன என்று உலகமே மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்குக் கிடைத்த முதல் நேரடித் துப்பு அது. ரேடியோவில் கனடாவின் சைம் தொலைநோக்கியும் அமெரிக்காவின் ஸ்டேர்2வும் பிடித்தன. எக்ஸ்-கதிரில் சீனாவின் இன்சைட், ஐரோப்பாவின் இன்டெக்ரல், இத்தாலியின் அஜிலே, விண்ட் கலத்தின் கோனஸ். அந்த நொடியில் ஃபெர்மி எங்கே? பூமி குறுக்கே நின்று மறைத்துவிட்டது. தாழ்வான சுற்றுப்பாதையில் இருக்கும் எந்தச் செயற்கைக்கோளுக்கும் வானத்தின் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மறைவுதான், அதை எந்த வடிவமைப்பாலும் சரிசெய்ய முடியாது. ஒன்று பூமியின் எதிர்ப்புறம் இன்னொன்று வேண்டும், அல்லது பூமியை விட்டுத் தள்ளிப் போக வேண்டும்.

இனி கவலைப்பட வேண்டிய பகுதி. பல பத்தாண்டுகளாகக் கெவின் ஹர்லி போன்றவர்கள் பெர்க்லியிலிருந்து கட்டிக்காத்த இந்தக் கோளிடை வலை, அதாவது பல கலங்களில் பரவிக் கிடக்கும் இந்த டிடெக்டர்களின் கூட்டு, கிழடாகிக்கொண்டிருக்கிறது. விண்ட் ஏவப்பட்டது 1994ல். மார்ஸ் ஒடிசி 2001ல். ஸ்விஃப்ட் 2004ல், அதன் சுற்றுப்பாதை தாழ்ந்துகொண்டே வந்ததால் மேலே தூக்கிவிட ஒரு ரோபோ கலம் அனுப்ப 2025ல் நாசா ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. ஃபெர்மி 2008ல். இன்டெக்ரல் 2025 பிப்ரவரி 28ல் அறிவியல் பணியை முடித்துக்கொண்டது. அதன் கடைசிக் காலத்தில்கூட, 2023 நவம்பர் 15ல் எம்82 அண்டத்தில் நடந்த ஒரு மேக்னட்டார் பெருவெடிப்பைப் பிடித்துப் பதின்மூன்றே நொடியில் உலகத்துக்குச் செய்தி அனுப்பியது அது. சீனாவும் பிரான்சும் சேர்ந்து 2024ல் எஸ்வோம் செயற்கைக்கோளை ஏவியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் அதுவும் பூமியைத்தான் சுற்றுகிறது. தள்ளி நிற்கும் ஆட்கள்தான் குறைவு. செவ்வாய்ப் பக்கம் இருப்பவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு யார்?

நாம் அந்த இடத்தில் எட்டு வருடம் இருந்தோம். மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்து 2022 வரை சுற்றியது. அதில் ஐந்து கருவிகள், மொத்தம் பதினைந்து கிலோ, காமா டிடெக்டர் கிடையாது. அந்தத் திட்டத்தின் நோக்கம் வேறு, அவ்வளவு குறைந்த எடையில் அவ்வளவு தூரம் போனதே பெரிய காரியம், அதனால் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் 2020 ஏப்ரல் 15ஆம் தேதி அந்த அலை செவ்வாயைக் கடந்தபோது நம் கலமும் அங்கேதான் இருந்தது என்று நினைக்கும்போது மனசு கேட்கவில்லை.

இது இந்தியாவுக்குப் புதிய வேலையும் இல்லை. 1992லும் 1994லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏஎஸ்எல்வி ராக்கெட்டில் போன ஸ்ராஸ்-சி, ஸ்ராஸ்-சி2 செயற்கைக்கோள்களில் காமா வெடிப்பு டிடெக்டர் இருந்தது, அதைச் செய்தது நீங்களேதான். இப்போதைய மாணவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பிறகு 2015 செப்டம்பர் 28ல் அஸ்ட்ரோசாட். அதில் இருக்கும் சிஇசட்டிஐ என்ற எக்ஸ்-கதிர் கருவியை எதற்காகச் செய்தீர்களோ அதைவிடப் பெரிய பெயரை அது காமா வெடிப்புகளில் வாங்கிவிட்டது. நூறு கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் அதன் சுவர்கள் கதிர்களுக்கு ஏறக்குறைய ஒளிபுகும் சுவர்கள், அதனால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரியும். 2023 நவம்பரில் 600ஆவது வெடிப்பைப் பதிவு செய்தது. அதே அஸ்ட்ரோசாட்டை வைத்து எஸ்ஜிஆர் ஜே1830-0645 என்ற மேக்னட்டாரிலிருந்து, சராசரியாக 33 மில்லிநொடி நீளமுள்ள 67 குறும் வெடிப்புகளைப் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தினர் கண்டார்கள். ஐந்து வருடத்துக்கென்று ஏவிய செயற்கைக்கோள் இவ்வளவு செய்திருக்கிறது. திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஐஐடி மும்பை தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து தக்‌ஷா என்ற இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்தை முன்வைத்ததும் உங்களுக்குத் தெரியும், பூமியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று நின்று வானம் முழுவதையும் எந்நேரமும் பார்ப்பது. பூமி மறைக்கும் சிக்கலுக்கு அது நேரடியான தீர்வு. அதற்குக் கொடுக்க வேண்டிய எல்லா ஆதரவையும் கொடுங்கள். நான் கேட்பது அதற்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. தக்‌ஷா போன்ற ஒன்று வெடிப்பின் நிறமாலையையும் துருவமுனைப்பையும் (கதிரின் அலைவு எந்தத் திசையில் என்பதை) விரிவாக அளக்கும், கோளிடைக் கலத்தில் இருக்கும் சின்ன டிடெக்டர் இடத்தையும், பெரிய கருவிகள் நிரம்பி வழியும்போது உச்சத்தையும் சொல்லும். ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்ய முடியாது.

எவ்வளவு சின்னது? கிரப்-ஆல்ஃபா என்று ஒரு செயற்கைக்கோள் 2021 மார்ச்சில் போனது. ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ஜப்பான் ஆட்கள் சேர்ந்து செய்தது. பத்து சென்டிமீட்டர் கனசதுரம், மொத்த செயற்கைக்கோளே ஒரு கிலோ பக்கம். உள்ளே ஒரு தட்டையான சீசியம் அயோடைடு படிகமும் அதன் மின்மினுப்பை எண்ணும் சிலிக்கான் உணரிகளும். 2022 அக்டோபர் 9ல் வரலாற்றிலேயே மிகப் பிரகாசமான காமா வெடிப்பு வந்தபோது, அது மேக்னட்டார் இல்லை, தொலைவில் ஒரு பெரிய விண்மீன் இடிந்து விழுந்தது, ஃபெர்மி உட்படப் பெரிய கருவிகள் நிரம்பிவிட்டன. இந்த ஒரு கிலோ பெட்டி நிரம்பாமல் உச்சத்தை அளந்து கொடுத்தது. 2004ல் நடந்ததே திரும்ப நடந்தது. இதைப் படித்துவிட்டு கூடுதல் எடையை ஏற்ற முடியாது, இடமில்லை என்ற பதிலை என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தரவு அனுப்பும் வசதியும் பெரிதாக வேண்டியதில்லை. எண்ணிக்கையைத் தொடர்ந்து நினைவகத்தில் எழுதிக்கொண்டே, பழையதை அழித்துக்கொண்டே இருக்கட்டும், திடீரென்று எகிறினால் மட்டும் அதற்கு முன்னும் பின்னும் சில நிமிடத்தைப் பூட்டிவைத்து அடுத்த தொடர்பில் அனுப்பினால் போதும். பூமியில் வேறொரு செயற்கைக்கோள் பிடித்துவிட்டது என்று தெரிந்தால், இந்த நேரத்துக்கான தரவை அனுப்பு என்று பிறகுகூடக் கேட்டு வாங்கலாம், நினைவகம் சில நாள் தாங்குமானால். கலம் எங்கே இருக்கிறது என்பதை வழிசெலுத்த எப்படியும் துல்லியமாகக் கணக்கிட்டு வைத்திருப்பீர்கள். கலத்தின் கடிகாரத்தைத் தரைக் கடிகாரத்தோடு மில்லிநொடிக்குள் பொருத்தி வைப்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும், அது ஏவிய பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை, இப்போதே வடிவமைப்பில் எழுத வேண்டிய விஷயம்.

வெள்ளிக் கலத்தின் கருவிப் பட்டியல் முடிந்துவிட்டது என்று பதில் வரலாம். சரி. அப்படியென்றால் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்-கதிர் கருவியோ துகள் எண்ணும் கருவியோ எதுவானாலும், அதன் எண்ணிக்கையை மில்லிநொடி வாரியாகச் சேமிக்கும் ஒரு முறையை மென்பொருளில் சேர்க்க முடியுமா என்று அந்தந்தக் குழுவிடம் கேளுங்கள். ஜியோடெயில் கருவியைக் காமா வெடிப்புக்கென்று யாரும் செய்யவில்லை, ஹெண்ட்டையும்தான். புதனுக்குப் போகும் பெபிகொலம்போவில் இருக்கும் காமா-நியூட்ரான் கருவியும் புதனின் மண்ணுக்காகச் செய்ததுதான், போகிற வழியிலேயே இந்த வலையில் சேர்ந்து வெடிப்புகளைப் பதிவு செய்கிறது.

இப்போதே, ஒரு ரூபாய் புதிதாகச் செலவில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. சூரியனைப் பார்க்கும் ஆதித்யா-எல்1 கலத்தில் ஹீலியோஸ் என்ற கடின (அதிக ஆற்றலுள்ள) எக்ஸ்-கதிர் கருவி வைத்திருக்கிறீர்கள் (மேலே சொன்ன ஹீலியோஸ் 2 கலம் வேறு), 150 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரை பார்க்கும். பூமியிலிருந்து ஐந்து ஒளிநொடி தள்ளி, பூமி எதையும் மறைக்காத இடத்தில். சூரியனுக்காகச் செய்த கருவிதான், ரெஸ்ஸியும் அப்படித்தான். அதன் தரவில் வெளியிலிருந்து வரும் வெடிப்புகளைத் தானாகத் தேடும் ஒரு சின்ன நிரலை ஓடவிட்டு, கிடைப்பதை அன்றன்றே கோளிடை வலைக்காரர்களுக்கு அனுப்புங்கள். அஸ்ட்ரோசாட் தரவு பெங்களூரு பக்கம் இருக்கும் உங்கள் பியாலாலு தரை நிலையத்துக்கு இறங்கி, ஆள் பார்த்து, அறிவிப்பு போவதற்குள் மணிக்கணக்காகிவிடுகிறது, அதற்குள் மற்றவர்கள் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். லடாக்கின் ஹான்லேயில் நம் தொலைநோக்கிகளும் புனே பக்கம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் நல்ல நிலையில் இருக்கும்போது, முதல் தகவலுக்கு எப்போதும் வெளிநாட்டுச் செயற்கைக்கோளையே எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இன்னொன்று, என் மாணவர்களுக்காக. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தைப் போயம் என்று சுற்றுப்பாதையில் வைத்து, கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் செய்த கருவிகளை ஏற்றுகிறீர்கள். மிக நல்ல காரியம். அதில் கிரப்-ஆல்ஃபா அளவில் ஒரு காமா டிடெக்டருக்கென்று ஒரு அழைப்பு விடுங்கள், தேவைகளைத் தெளிவாக எழுதி, எந்தக் கல்லூரியும் போட்டியிடலாம் என்று. படிகமும் உணரியும் சந்தையில் கிடைக்கின்றன, மின்சுற்றைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் திருநெல்வேலியிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் இல்லாதது அதிர்வுச் சோதனைக் கூடமும் வெற்றிட அறையும்தான், அவை உங்களிடம் இருக்கின்றன. போயத்தில் சோதித்துத் தேறியதை அடுத்த கோளிடைக் கலத்தில் ஏற்றலாம். குலசேகரப்பட்டினம் ஏவுதளம் தயாரானால் எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டில் தனியாகவே நாலைந்து பெட்டிகளை அனுப்பலாம்.

தரவைத் திறப்பது பற்றி ஒரே ஒரு வார்த்தை. சூரியக் கருவி, கோள் கருவி எதுவானாலும் அதைச் செய்த குழுவுக்குத் தரவின் மேல் முதல் உரிமை வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் வெடிப்பு வந்த சில நிமிடங்களின் நேர வரைகோட்டை மட்டும் அந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கிவிடுங்கள். அதை வைத்து யாரும் அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையைத் திருடப்போவதில்லை, இடத்தைக் கணக்கிடுவார்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து வரும் நேர வரைகோட்டால் அந்த இரவில் எந்தத் தொலைநோக்கியையும் திருப்ப முடியாது.

உங்களிடமிருந்து எதிர்பார்ப்பது மூன்றுக்கும் ஒரு பதில். வெள்ளிக் கலத்தில் டிடெக்டருக்கு இடமுண்டா, இல்லையென்றால் இருக்கும் கருவியில் வெடிப்புப் பதிவு முறையைச் சேர்ப்பீர்களா. ஆதித்யா-எல்1 ஹீலியோஸ் தரவில் வெடிப்புத் தேடலை எப்போது தொடங்குவீர்கள். போயத்துக்கான அழைப்பு வருமா. முடியாது என்றாலும் என்ன காரணத்தால் என்று எழுதுங்கள், எடையா, மின்சாரமா, நாள் போதாதா என்று தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி வடிவமைத்துக்கொண்டு அடுத்த வாய்ப்புக்கு வருகிறோம். ஹீலியோஸ் தரவில் தேடும் நிரலை எழுதித் தர என் மாணவர்களில் சிலர் தயாராக இருக்கிறார்கள். அஸ்ட்ரோசாட்டின் பழைய தரவில் தெரிந்த வெடிப்புகளை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் சொன்னால் அடுத்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு இயற்பியல் ஆசிரியர்